பெண்டாட்டி குதிரையும் கவர்னர் தேர்தலும்

கவர்னர் பதவிக்கு நின்ற இரண்டு பேரில் ஒருவரையாவது கண்ணால் பார்த்த ஆள் ஆல்டர் ஃபோர்டில் கிடையாது. ஒருவர் கிழக்கே ஏரிக்கரைப் பட்டணத்தில் வக்கீல். இன்னொருவரும் வக்கீல்தான். இந்த மாபெரும் வித்தியாசத்துக்காக ஊர் இரண்டாகப் பிளந்து கிடந்தது. விக் கட்சிக்காரனும் டெமாக்ரட் கட்சிக்காரனும் மற்ற மாதங்களில் ஒரே மில்லில் கோதுமை அரைப்பார்கள், ஒரே சர்ச்சில் பக்கத்துப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து தூங்குவார்கள். நவம்பர் வந்துவிட்டால் போதும், ஒருவன் வீட்டு நாய் குரைப்பதில்கூட இன்னொருவனுக்குக் கட்சி வாடை அடிக்கும்.

விஸ்கான்சின் தனி மாநிலமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. ஆனால் நியூயார்க் பக்கமிருந்து வண்டி கட்டிக் குடியேற வந்தவர்கள் கோடரி, விதை, பைபிள் இவற்றோடு பந்தயம் கட்டும் பழக்கத்தையும் மூட்டையில் போட்டுக்கொண்டே வந்திருந்தார்கள். தன் கட்சிமேல் பந்தயம் கட்டாதவனுக்குக் கட்சிமேல் விசுவாசமில்லை என்று பேச்சு. சட்டமோ தலைகீழாகச் சொன்னது. தேர்தல் முடிவின்மேல் பந்தயம் கட்டியவனுக்கு ஓட்டே கிடையாது. யாராவது ஓர் ஓட்டாளர் எழுந்து ஆட்சேபித்தால், அவன் பைபிள்மேல் கைவைத்து, பந்தயம் எதுவும் கட்டவில்லை என்று எல்லார் முன்னாலும் சத்தியம் செய்தாக வேண்டும்.

ஊர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தது. ஒருவனை ஆட்சேபித்தால் அவன் திருப்பி ஆட்சேபிப்பான், அவனை இன்னொருவன் ஆட்சேபிப்பான், சாயங்காலம் பெட்டியைத் திறந்தால் உள்ளே காற்றுதான் இருக்கும். அதனால் பந்தயத்துக்காக ஆட்சேபிப்பது அயோக்கியத்தனம் என்று இரண்டு கட்சியும் பேசாமலே பேசி வைத்திருந்தன. மற்ற எதிலும் ஒத்துப்போகாதவர்கள் இதில் மட்டும் அண்ணன் தம்பிகள்.

கெசாயா ஸ்ப்ராக்குக்கு இதெல்லாம் அத்துபடி. அவளுக்கு ஓட்டும் கிடையாது, பந்தயமும் கிடையாது. இருந்தது ஜூனோ என்கிற பெண்குதிரை ஒன்று. கல்யாணத்தின்போது அவள் அப்பா கொடுத்தது. சுற்றுவட்டாரத்தில் பிரசவம் பார்க்கிறவள் கெசாயாதான். ஊருக்கு வடக்கே பெரிய சதுப்பு, அதற்கு அப்பால் நார்வேக்காரக் குடியானவர்களின் மரக்குடிசைகள். அந்தச் சதுப்பில் எந்த இடத்தில் மண் தாங்கும், எங்கே விழுங்கும் என்று ஜூனோவுக்குத்தான் தெரியும். போன வசந்தத்தில் ஜூனோ கால் நொண்டிக் கிடந்தபோது கெசாயா சுற்றுவழியில் நடந்து போனாள். போய்ச் சேர்ந்தபோது குழந்தை நீலம் பாரித்துப் போயிருந்தது. அந்தத் தாய் இவளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

தேர்தலன்று காலையில் கெசாயா டட்டிலின் சத்திரத்துக்கு டோனட் சுட வந்தாள். சர்ச்சுக்கு ஓர் இரும்பு அடுப்பு வாங்குவதற்காகப் பெண்கள் சேர்ந்து செய்கிற விற்பனை. ஓட்டுப்பதிவு நடப்பதும் அதே சத்திரத்தின் முன்கூடத்தில்தான். ஒரு மேஜையில் ஓட்டுச் சீட்டுப் பெட்டி, அடுத்த மேஜையில் விஸ்கி. சத்திரக்காரர் ஹைரம் டட்டிலே தலைமை அதிகாரி என்பதால் இரண்டு மேஜையையும் அவரால் ஒரே சமயத்தில் கவனிக்க முடிந்தது.

மாவுத் தொட்டியை வண்டியிலிருந்து எடுக்கத் திரும்பி வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மாவுமில் முதலாளி மேஜர் டன்ஹாம், ஜூனோவின் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேஜர் எந்தச் சண்டையில் மேஜரானார் என்பது அவருக்கே மறந்துபோன விஷயம்.

"என்ன மேஜர், பல்வலி வைத்தியம் ஆரம்பிச்சிட்டீங்களா?"

"அட, மிஸ்ஸஸ் ஸ்ப்ராக்! நல்ல பல்லு. தானமா வர்ற மாட்டைத்தான் பல்லைப் பிடிச்சுப் பாக்கக்கூடாதும்பாங்க. பந்தயத்துல வர்றதைப் பாக்கலாமில்ல?"

"என்ன பந்தயம்?"

மேஜர் தொப்பியை எடுத்து மரியாதையாகத் தலைகுனிந்தார். மனுஷன் கெட்ட செய்தி சொல்லும்போது மட்டும் ரொம்ப மரியாதை. "உங்க புருஷன் லெமுவல் சொல்லலையா? விக் கட்சி ஜெயிச்சா என்னோட எருது ஜோடி அவனுக்கு. நாங்க ஜெயிச்சா இந்தக் குதிரை எனக்கு."

விக் கட்சி ஜெயிப்பதாவது! அந்தக் கட்சி ஜெயிக்காது என்பது சதுப்பில் கத்துகிற தவளைக்குக்கூடத் தெரியும். தெரியாத ஒரே ஜீவன் அவள் புருஷன்.

லெமுவல் சத்திரத்தின் பின்பக்கம் ஆப்பிள் சைடர் பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்று நாட்டின் எதிர்காலத்தை விளக்கிக்கொண்டிருந்தான். அவன் கெட்டவனில்லை. குடிகாரனில்லை. கட்சி என்று வந்தால் மட்டும் மூளையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவான். கெசாயா அவன் சட்டைக் கையைப் பிடித்து விறகுக்கட்டைகளுக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

"ஜூனோவ வச்சு பந்தயம் கட்டினியா லெம்?"

"அது வந்து... மேஜர் எல்லார் முன்னாடியும் கேட்டுட்டாரு. 'உங்க கட்சிமேல உனக்கே நம்பிக்கையில்லையா'ன்னு. ஆம்பளை ஒருத்தன் என்ன சொல்லுவான் சொல்லு?"

"'இல்ல'ன்னு சொல்லுவான். வாய் இருக்கில்ல?"

"நாமதான் ஜெயிக்கப்போறோம் கெசாயா. ரெண்டு எருது! நெனச்சுப் பாரு."

"எருதுமேல ஏறிப் போயி பிரசவம் பாக்கவா? நான் போறதுக்குள்ள அந்தப் புள்ள நடந்து வந்து எனக்குக் கதவைத் திறந்துவிடும்."

அவன் பூட்ஸைப் பார்த்தான். "வாக்குக் கொடுத்தாச்சு. இப்ப பின்வாங்கினா ஊர்ல தலைகாட்ட முடியாது" என்றான்.

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இந்த மகானுபாவன் பெண்டாட்டி வீட்டு நெய்யை எடுத்து ஊராருக்கு ஊற்றிவிட்டு வந்து நிற்கிறான். கெசாயாவுக்கு அழுகை வரவில்லை, கையிலிருந்த மாவுக்கரண்டியால் ஒன்று போடலாமா என்றுதான் வந்தது. சட்டப்படி பார்த்தால் அவனைக் கேட்கவும் முடியாது. கல்யாணமான பெண்ணின் குதிரை புருஷனுடையது. அவள் செருப்புகூட அவனுடையது.

அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தபோதுதான் அவளுக்கு அந்தச் சத்தியம் ஞாபகம் வந்தது. காலையில் ஓட்டுப்பதிவு தொடங்கும் முன் டட்டில் வாசலில் நின்று விதிகளை ராகம் போட்டுப் படித்திருந்தார். யாராவது ஒருவர் லெமுவலையோ மேஜரையோ ஆட்சேபித்தால்? பந்தயமே கட்டவில்லை என்று ஊரறியச் சத்தியம் செய்தவன் பிறகு எந்த முகத்தோடு குதிரையைக் கேட்பான், கொடுப்பான்? ஆட்சேபிக்க ஓட்டுள்ள ஒரு ஆண்பிள்ளை வேண்டும். அவ்வளவுதான்.

போதகர் பீபி டோனட் வாசனை பிடித்துச் சமையற்கட்டுக்கே வந்துவிட்டார். நல்ல சகுனம் என்று நினைத்தாள் கெசாயா. விஷயத்தைச் சொன்னாள்.

"சகோதரி ஸ்ப்ராக், பந்தயம் பாவம். அதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது."

"அப்ப எழுந்து மேஜரை ஆட்சேபிங்க."

போதகரின் வாயில் பாதி டோனட் நின்றுவிட்டது. "அது... வந்து பாருங்க, கிறிஸ்மஸுக்குன்னு வீட்ல ஒரு வாத்து வளர்த்துக்கிட்டிருந்தோம்."

"இருந்தோமா?"

"டெமாக்ரட் கட்சிமேல வச்சிருக்கேன். ஒரு நல்ல காரியத்துக்குத்தான் சகோதரி."

அவர் போனபின் கெசாயா கொல்லன் ஆர்சனைக் கேட்டாள். ஆர்சன் இடுப்புவரை தொங்கும் தன் தாடியையே விக் கட்சிமேல் வைத்திருந்தான். தோற்றால் சத்திர வாசலில் எல்லாரும் பார்க்க மழிப்பு. மில்லின் மேஸ்திரி புகைபோட்ட பன்றித்தொடையை வைத்திருந்தான். ஊரில் பந்தயம் கட்டாத ஆண் என்று பார்த்தால் கல்லறையில் இருந்தவர்கள்தான். அவர்களிலும் சிலரைச் சந்தேகிக்கலாம்.

பிற்பகல் லெமுவல் ஓட்டுப் போட வரிசையில் நின்றான். கெசாயா டோனட் தட்டை எடுத்துக்கொண்டு முன்கூடத்துக்குள் போனாள். பெண்கள் அங்கே வரக்கூடாது, ஆனால் டோனட் வரலாம். விஸ்கி மேஜைமேல் முழங்கை ஊன்றி நின்ற மேஜர் முன்னால் தட்டை நீட்டி, கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"எடுத்துக்கோங்க மேஜர். பந்தயத்துல என் குதிரையையே எடுத்துக்கப்போறீங்க, டோனட் எடுக்க என்ன கூச்சம்?"

அந்தக் கூடம் ஒரே நொடியில் செவிடர் பள்ளியாகிவிட்டது. டட்டில் மைக்கூட்டை ஆராய்ந்தார். போதகர் கூரையில் கடவுளைத் தேடினார். ஆர்சன் இருமினான், அவன் தாடியும் சேர்ந்து இருமியது. எல்லாரும் கேட்டார்கள், யாருக்கும் கேட்கவில்லை.

மேஜர் மட்டும் சிரித்தார். அவர் காலையில் முதல் ஆளாக ஓட்டுப் போட்டு முடித்திருந்தார். இனி அவரை எவனும் சத்தியம் கேட்க முடியாது. லெமுவல் எப்படிப்பட்டவன் என்பதும் அவருக்குத் தெரியும். பைபிள்மேல் கைவைத்துப் பொய் சொல்லத் தெரியாத ஆள். ஆக, ஒரு விக் ஓட்டும் ஒழியும், குதிரையும் கைக்கு வரும்.

"அம்மா சொன்னது என் காதுல விழுந்துடுச்சு. டட்டில், நான் லெமுவல் ஸ்ப்ராக்கை ஆட்சேபிக்கிறேன்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. கூடத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. மேஜர் கட்சிக்காரர்களே முகம் சுளித்தார்கள். ஆர்சன், "யோவ் மேஜர், இதெல்லாம் ஒரு பொழப்பா?" என்றான். ஆனால் வாயிலிருந்து வந்த ஆட்சேபத்தைத் திரும்ப விழுங்க வைக்க முடியாது. டட்டில் பைபிளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

லெமுவல் அதன்மேல் கைவைத்தான். பொய் சொன்னால் ஓட்டும் குதிரையும் தப்பும், அவன் தப்ப மாட்டான். உண்மை சொன்னால் அவன் தப்புவான், மற்ற இரண்டும் போகும். அவன் கழுத்தில் நரம்பு துடிப்பதைக் கெசாயா பார்த்தாள். தன்னால் வந்த வினை என்று அவளுக்கு உறைத்தது. கையிலிருந்த தட்டு நழுவி டோனட்டுகள் தரையில் உருண்டதைக்கூட அவள் பார்க்கவில்லை.

"அது அவன் குதிரையே இல்லயே!" என்று கத்தினாள். "என் அப்பா எனக்குக் கொடுத்தது. தன்னோடதில்லாததை ஒருத்தன் எப்படிப் பந்தயம் வைப்பான்?"

கூடமே சிரித்தது. மேஜைக்குப் பின்னாலிருந்த டெமாக்ரட் அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, பொண்டாட்டியோடதெல்லாம் புருஷனோடது. சின்னக் குழந்தைக்கும் தெரியும்" என்றார்.

டட்டில் சிரிக்கவில்லை. அவர் விக் கட்சிக்காரர். இந்த ஊரில் விக் ஓட்டு என்பது கோடையில் பனிக்கட்டி மாதிரி, ஒரு துண்டுகூட வீணாக்க முடியாது. பெண்களின் சொத்துரிமை பற்றி அவர் அதுவரை ஐந்து நிமிஷம் யோசித்தவரில்லை. இப்போது யோசித்தார்.

"சட்டம் கோர்ட்ல இருக்கட்டும். இங்க சத்தியம்தான். மனசறிஞ்சு ஒருத்தன் எதைத் தன்னோடதுன்னு நினைக்கிறானோ அதைத்தான் பந்தயமா வைக்க முடியும்" என்று நீட்டி முழக்கினார். "லெமுவல், பைபிள்மேல கை இருக்கு. பாத்துச் சொல்லு. அந்தக் குதிரை உன்னோடதா, அவளோடதா?"

மேஜர் முந்திக்கொண்டார். "சொல்லு லெம், சொல்லு. நீ குதிரைக்கு எஜமானா, இல்ல பொண்டாட்டி குதிரைக்குப் புல்லு போடற ஆளா?"

மறுபடி சிரிப்பு. லெமுவலின் காது சிவந்தது. இத்தனை ஆண்கள் நடுவில் 'எனக்கென்று ஒரு குதிரைகூட இல்லை' என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று கெசாயாவுக்குத் தெரியாமலில்லை. கட்சிக்காகக் கிணற்றில் குதிப்பான், கேலிக்கு முன்னால் நிற்க மாட்டான் என்று பயந்தாள். அவன் திரும்பி அவளைப் பார்த்தான். தரையில் கிடந்த டோனட்டுகளைப் பார்த்தான்.

"ஆமா மேஜர்" என்றான். "புல்லும் நான்தான் போடறேன். சாணியும் நான்தான் அள்ளறேன். குதிரை அவளோடது. என்னோடதில்லாததை வச்சு உங்ககிட்ட வாய்ச்சவடால் விட்டேன். அது பந்தயமில்ல, கொழுப்பு."

மூன்று அதிகாரிகளும் தலையைச் சேர்த்துக் குசுகுசுத்தார்கள். மூவரில் இருவர் விக் என்பதால் நியாயம் சீக்கிரமே கிடைத்துவிட்டது. பந்தயம் இல்லை, ஓட்டுச் செல்லும். லெமுவல் சீட்டைப் பெட்டியில் போட்டான்.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் அணை உடைந்துவிட்டது. அடுத்து மேஜரின் மில் மேஸ்திரி வந்ததும் ஆர்சன் துள்ளி எழுந்தான். "இவனை நான் ஆட்சேபிக்கிறேன்! பன்றித்தொடை வச்சிருக்கான்!" மேஸ்திரி திருதிருவென்று விழித்தான். போகப்போவது டெமாக்ரட் ஓட்டு. மேஜரால் பொறுக்க முடியவில்லை.

"பன்றித்தொடை அவன் பொண்டாட்டியோடதுய்யா! வளர்த்தவ அவ, உப்புக்கண்டம் போட்டவ அவ, புகை போட்டவ அவ! இவனுக்கு அதுல எலும்புகூட சொந்தமில்ல!" என்று மேஜையைத் தட்டினார்.

மேஸ்திரி சத்தியம் செய்தான். போதகர் பீபியின் முறை வந்தது. வாத்து போதகர் மனைவியுடையது என்று பைபிள் சாட்சியாக முடிவானது. ஒருவர்பின் ஒருவராக வந்தார்கள். கன்றுக்குட்டி, தேன்கூடு, போர்வை, வெண்ணெய்த் தாழி எல்லாம் பெண்டாட்டிகளுக்குச் சொந்தமாயின. சமையற்கட்டுப் பெண்கள் இப்போது கதவை அடைத்துக்கொண்டு நின்றார்கள். மிஸ்ஸஸ் டட்டில் குரல் கொடுத்தாள். "ஏங்க மேஸ்திரி, அந்த வெள்ளிக் கடிகாரம்?" அதைப் பந்தயம் வைத்ததாக யாரும் சொல்லவேயில்லை. குழம்பிப்போன மேஸ்திரி, "அதும் அவளோடதுதான்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கடைசியில் ஆர்சன் வந்தான். டெமாக்ரட்டுகள் ஒரே குரலில் ஆட்சேபித்தார்கள். டட்டில் பெருமூச்சு விட்டார்.

"ஆர்சன், அந்தத் தாடி யாரோடது?"

ஆர்சன் தாடியை ஒருமுறை நீவிவிட்டான். "என் பொண்டாட்டியோடது" என்றான் ஈனஸ்வரத்தில். "ஐயோ, அந்தச் சனியன் எனக்கு வேண்டவே வேண்டாம்!" என்று கதவுப்பக்கமிருந்து அவன் மனைவி அலறினாள். இருந்தும் ஓட்டுச் செல்லும் என்று தீர்ப்பானது.

மாநிலத்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் ஓட்டு எண்ணிக்கை வந்து சேர வாரக்கணக்காகும். அதுவரை கெசாயா சரியாகத் தூங்கவில்லை. ஒரு கூடத்தில் உளறியதெல்லாம் முதல் பனி விழும்வரைதான் தாங்கும் என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. நடுவில் சதுப்புக்கு அப்பால் ஒரு பிரசவத்துக்குப் போய், ஆண்குழந்தை ஒன்றை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். நல்ல தொண்டை அதற்கு, கவர்னராகக்கூட வரலாம்.

டெமாக்ரட் வக்கீல்தான் ஜெயித்தார், அதுவும் பிரமாதமாக. செய்தி வந்த மறுநாளே மேஜர் கையில் ஒரு கயிற்றோடு அவர்கள் தொழுவத்துக்கு வந்து நின்றார்.

"விளையாட்டு வேற, வாக்கு வேற. குதிரைய அவுத்து விடுங்க."

"யார்கிட்ட பந்தயம் கட்டினீங்க மேஜர்?"

"உன் புருஷன்கிட்டதான்."

"அவன்கிட்ட ஏது குதிரை?" என்றாள் கெசாயா. "கோர்ட்டுக்கு வேணா போங்க. போனா உங்க மேஸ்திரியோட பன்றித்தொடை யாரோடதுன்னும் அங்க கேப்பாங்க. மேஜையைத் தட்டி நீங்கதான் சொன்னீங்க, ஊரே கேட்டுது. புருஷனோடதுன்னு கோர்ட் சொன்னா, மேஸ்திரி பொய்ச்சத்தியம் பண்ணினான்னு ஆகும். கூடவே உங்க கட்சிக்காரங்க பாதிப் பேரும் ஜெயிலுக்குப் போவாங்க. அப்புறம் மில்லுல மூட்டைய யாரு தூக்குவா?"

மேஜர் கணக்குப் போட்டார். கயிற்றைச் சுருட்டிக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு போனார். இந்த முறை தொப்பியை எடுக்கவில்லை.

அவர் தலை மறைந்ததும் கெசாயா ஜூனோவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். போன வசந்தத்துக் குழந்தைக்காகவும் சேர்த்து அழுதாள் என்று நினைக்கிறேன். நிமிர்ந்து முகத்தைத் துடைத்தபோது லெமுவல் வாசலில் நின்றுகொண்டிருந்தான். கடிவாளம் மாட்டியிருந்த ஆணிமேல் பழக்கதோஷத்தில் அவன் கை போனது. போனது பாதியில் நின்றது.

"கெசாயா, நாளைக்கு ஜூனோவ எடுத்துக்கட்டுமா?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் இப்படிக் கேட்டதே இல்லை. கேட்கவேண்டிய அவசியமும் இருந்ததில்லை. சட்டம் அன்றும் மாறிவிடவில்லை, அந்தக் கூடத்தைத் தாண்டினால் ஜூனோவின் வால்மயிர் ஒன்றுகூட அவளுக்குச் சொந்தமில்லை. அது அவனுக்கும் தெரியும். தெரிந்தும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, கடன் கேட்க வந்த பக்கத்து வீட்டுக்காரன்போல நின்று கேட்டான். கெசாயாவுக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

"எதுக்கு?" என்றாள்.

"ஜில்லா தலைநகர்ல விக் கட்சிக் கூட்டம். அடுத்த தேர்தல்ல எப்படி ஜெயிக்கிறதுன்னு பேசப்போறாங்க."

கெசாயா கடிவாளத்தை ஆணியிலிருந்து எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"நடந்து போ" என்றாள்.

லெமுவல் நடந்துதான் போனான்.